ரமண மகரிஷியின் உயில்: திருவண்ணாமலையில் நடந்த ஒரு சொத்து வழக்கு

உயில், வஸிய்யத், பாகப்பிரிவினை என்று பேச்செடுத்தாலே நம் வீடுகளில் பெரியவர்களுக்கு முகம் மாறிவிடுகிறது. நான் இன்னும் உயிரோடுதானே இருக்கிறேன் என்பார்கள். இன்னும் சிலர், எழுதிவைக்கும் அளவுக்கு என்னிடம் என்ன இருக்கிறது என்று பேச்சை முடித்துவிடுவார்கள். அப்படிச் சொல்ல உலகில் யாருக்காவது தகுதி இருந்தது என்றால், அது ஐம்பத்து மூன்று ஆண்டுகள் இடுப்பில் ஒரு கோவணத்தோடு திருவண்ணாமலையில் வாழ்ந்து மறைந்த ரமண மகரிஷிக்கு இருந்தது. அவர் பெயரிலும் வழக்கு நடந்தது. அவரும் உயில் எழுத வேண்டி வந்தது.

ரமணர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். அவருடைய தத்துவத்தை விவாதிப்பது இக்கட்டுரையின் நோக்கமும் அல்ல. ஒரு மனிதரைச் சுற்றி அவர் கேட்காமலேயே சொத்து எப்படிச் சேர்ந்தது, அது யாருடையது என்ற கேள்வி எப்படி எழுந்தது, அதற்கு அவர் என்ன செய்தார் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். அடக்கத்தலம், வக்ஃபு, முதவல்லி என்று வழக்குகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்தக் கதையில் அந்நியமானது அதிகம் இல்லை.

அவருடைய இயற்பெயர் வெங்கடராமன். 1879 டிசம்பர் 30 அன்று இன்றைய விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழியில் பிறந்தார். தந்தை சுந்தரம் ஐயர் முதலில் கணக்குப்பிள்ளையிடம் எழுத்தராக இருந்து, பிறகு மனு எழுதிக்கொடுத்துப் பழகி, அந்த அனுபவத்திலேயே வக்கீலாக உயர்ந்தவர். சித்தப்பா நெல்லையப்ப ஐயரும் மானாமதுரையில் வக்கீல். ஆக, பத்திரமும் மனுவும் புழங்கிய வீட்டில் வளர்ந்த பிள்ளை அவர். அண்ணன் நாகசாமி, தம்பி நாகசுந்தரம், தங்கை அலமேலு என்று உடன்பிறந்தவர்கள் மூவர்.

1892இல் தந்தை இறந்ததும் குடும்பம் சிதறியது. அண்ணனும் வெங்கடராமனும் மதுரையில் இன்னொரு சித்தப்பா சுப்பையர் வீட்டில் தங்கிப் படித்தார்கள். அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் அவரோடு கால்பந்து ஆடிய நெருங்கிய தோழர்களில் ஒருவர் அப்துல் வஹாப் என்ற முஸ்லிம் மாணவர். சாப் ஜான் என்பது அவருடைய செல்லப் பெயர். பின்னாளில் காவல் துறை அதிகாரியான அவர், பழைய நண்பரைத் தேடித் திருவண்ணாமலைக்கும் வந்திருக்கிறார். இரண்டு வீட்டிலும் பிள்ளைகள் சேர்ந்து விளையாடியதை யாரும் ஒரு செய்தியாக நினைக்காத காலம் அது.

1896 ஆகஸ்ட் 29 அன்று பதினாறு வயது வெங்கடராமன் வீட்டை விட்டுப் புறப்பட்டார். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டச் சொல்லிக் கொடுத்த ஐந்து ரூபாயில், ரயில் செலவுக்கு மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டார். மீதி இரண்டு ரூபாயை ஒரு சீட்டோடு வைத்துவிட்டுப் போனார். தன்னைத் தேடிப் பணம் செலவழிக்க வேண்டாம், கல்லூரிக் கட்டணம் இன்னும் கட்டவில்லை, இரண்டு ரூபாய் இத்துடன் இருக்கிறது என்பதுதான் அந்தச் சீட்டின் சாரம். வீட்டைத் துறந்து போகிறவர் கணக்கைச் சரியாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சீட்டின் கீழே பெயர் இல்லை. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது. இந்தக் கோட்டை நினைவில் வையுங்கள்.

வழியில் கீழூரில் காதுக் கடுக்கனை அடகு வைத்து நான்கு ரூபாய் பெற்றுக்கொண்டு, செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார். கையில் மிஞ்சியிருந்த காசை அய்யங்குளத்தில் வீசினார். அதன்பின் அவர் காசைக் கையால் தொட்டதில்லை என்பார்கள். கோயிலின் ஆயிரங்கால் மண்டபம், பாதாள லிங்கம், குருமூர்த்தம், பவழக்குன்று என்று இடம் மாறி மாறி இருந்தார். நெல்லையப்ப ஐயர் வந்து அழைத்துப் பார்த்தார். தாயார் அழகம்மாள் வந்து அழுது பார்த்தார். அவர் அசையவில்லை. அண்ணன் நாகசாமி இளம் வயதிலேயே இறந்துபோனார். திருச்சுழி வீடு கடனுக்காக விலைபோனது. அங்கே அவருக்கு இருந்திருக்கக்கூடிய பாத்தியதையும் அத்தோடு போயிற்று.

1899 வாக்கில் மலையில் உள்ள விருபாட்ச குகைக்குக் குடிபோனார். சொத்து வழக்கின் நிழல் முதன்முதலில் அவர்மேல் விழுந்தது அங்கேதான். அந்தக் குகை ஊருக்குள் இருந்த விருபாட்ச மடத்துக்குச் சொந்தம். அவர் போன காலத்தில் மடத்தின் உரிமை யாருக்கு என்று இரண்டு தரப்பினர் வழக்காடிக்கொண்டிருந்தார்கள். கார்த்திகைத் தீபத்துக்கு வரும் கூட்டத்திடம் குகைக்குள் நுழைய ஒரு சிறு கட்டணம் வாங்குவது பழைய வழக்கம். வழக்கு நடந்தவரை அது நின்றிருந்தது. தீர்ப்பு வந்ததும் ஜெயித்தவர் மறுபடி வசூலிக்கத் தொடங்கினார். இப்போது கூட்டம் வந்தது குகைக்காக அல்ல, உள்ளே இருந்தவருக்காக. தன்னைப் பார்க்க ஏழைகள் காசு கொடுப்பதை விரும்பாத ரமணர், வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். காசு வாங்குபவரும் தன் இடத்தை நகர்த்திப் பார்த்தார். ரமணர் வேறு இடம் போனார். ஆள் இல்லாத குகைக்கு யார் காசு கொடுப்பார்கள்? கடைசியில் வசூல் நின்றது, அவரும் குகைக்குத் திரும்பினார். எழுந்து போவதுதான் அன்று அவர் கையில் இருந்த ஒரே பதில். சொத்து வேறொருவருடையதாக இருக்கும்போது அந்தப் பதில் போதும். தன் பெயரிலேயே சொத்து சேர்ந்துவிட்டால்?

1916இல் தாயார் மகனோடு நிரந்தரமாக இருந்துவிடுவது என்று வந்துவிட்டார். தம்பி நாகசுந்தரம் திருவெண்காட்டில் கோயில் எழுத்தராக வேலை பார்த்தவர். மனைவி இறந்துபோக, கைக்குழந்தையாக இருந்த மகன் வெங்கடராமனைத் தங்கை அலமேலுவிடம் ஒப்படைத்துவிட்டு அவரும் துறவியாகி அண்ணனிடம் வந்து சேர்ந்தார். நிரஞ்சனானந்த சுவாமி என்பது அவர் ஏற்ற பெயர். எல்லோரும் அழைத்தது சின்னசாமி என்று.

1922 மே 19 அன்று தாயார் மறைந்தார். உடலை எரிக்காமல் மலையின் தெற்கடிவாரத்தில் அடக்கம் செய்து, மேலே ஒரு லிங்கத்தை நிறுவி, மாத்ருபூதேசுவரர் என்று பெயரிட்டார்கள். அந்த ஆண்டு இறுதியில் ரமணரும் மலையிலிருந்து இறங்கி அந்த அடக்கத்தலத்தின் அருகிலேயே தங்கிவிட்டார். முதலில் இருந்தது ஒரு ஓலைக் கொட்டகை. 1928க்குள் ஒரு கூடம் எழுந்தது. பிறகு சமையற்கட்டு, மாட்டுத்தொழுவம், கிணறு, புத்தகக் கடை என்று செங்கம் சாலையோரம் ஒரு சிறு ஊரே உருவானது. 1934இல் பால் பிரண்டன் என்ற ஆங்கிலேயர் எழுதிய பயண நூல் வெளிவந்ததும் வெளிநாட்டவரும் வரத் தொடங்கினார்கள். அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியர் முஹம்மது ஹாஃபிஸ் சையத் போன்றவர்களும் வந்து போனார்கள். வந்தவர்கள் சும்மா வரவில்லை. பணம், நிலம், பசு, கட்டடப் பொருள் என்று கொடுத்தார்கள். எல்லாம் ஒரே மனிதரின் பெயரைச் சொல்லிக் கொடுக்கப்பட்டவை. அவரோ எதற்கும் ரசீது போட்டதில்லை.

நிர்வாகம் என்று ஒன்று வேண்டியதாயிற்று. குகைக் காலத்திலிருந்தே பணிவிடை செய்துவந்த பெருமாள் சுவாமி என்ற சீடர் ஆரம்ப ஆண்டுகளில் நிர்வாகம் பார்த்தார். பிறகு பொறுப்பு சின்னசாமியிடம் போனது. சர்வாதிகாரி என்பது அவருடைய பதவிப் பெயர். அன்றைய வழக்கில் அதற்கு முழுப் பொறுப்பாளர் என்றுதான் பொருள். ஆனாலும் இன்றைய பொருளிலேயே அந்தச் சொல்லைப் படித்தவர்கள் ஆசிரமத்துக்குள் அன்றும் இருந்திருக்கிறார்கள். சின்னசாமி கண்டிப்பானவர். காசைச் சிக்கனமாகப் பார்த்தவர். பக்தர்கள் பலருக்கு அவர்மேல் மனத்தாங்கல் இருந்தது. அவர்கள் முறையிட்டபோதெல்லாம் ரமணர் பெரும்பாலும் மௌனமாகவே இருந்தார்.

பதவி போன பெருமாள் சுவாமிக்கு அந்த மௌனம் ஆறவில்லை. 1930களில் அவர் நீதிமன்றம் போனார். ஆசிரமத்தை நிர்வகிக்கும் உரிமை தனக்கே என்பது அவருடைய வாதம். ஒரு சந்நியாசி எப்படிச் சொத்து வைத்துக்கொள்ள முடியும் என்ற கேள்வியும் வழக்கில் எழுந்தது.

இந்தக் கேள்வியின் கூர்மை இந்து சட்டம் தெரிந்தவர்களுக்குத்தான் விளங்கும். பழைய இந்து சட்டப்படி முறையாகத் துறவு பூண்டவர் சட்டத்தின் கண்ணில் இறந்தவருக்குச் சமம். பிறந்த குடும்பத்தின் சொத்தில் அவருக்குப் பங்கில்லை. துறவியான பின் அவரிடம் சேரும் சொத்துக்கு இரத்த உறவினரும் வாரிசாக மாட்டார்கள். அது சீடருக்குப் போகும். ரமணரைச் சந்நியாசி என்று சட்டம் ஏற்றுக்கொண்டால், தம்பி என்ற உறவுக்கு மதிப்புக் குறையும், சீடர் என்ற உறவு மேலே வரும். சந்நியாசி இல்லை என்றால் அவர் சாதாரண மனிதர். அவர் சொத்துக்கு உறவினரே வாரிசு. ஒரு ஆசிரமமே இந்த இரண்டு பதில்களுக்கு நடுவே தொங்கியது. நம் ஷரீஅத்தில் இப்படி ஒரு நிலை இல்லை. ஒருவர் எவ்வளவு வணக்கசாலியாக இருந்தாலும், உலகத்தை வெறுத்து ஒதுங்கினாலும், வாரிசு பெறுவதும் வாரிசுக்கு விட்டுச்செல்வதும் அவருடைய மவ்த்து வரை மாறாது.

1936 நவம்பரில் ரமணரைச் சாட்சியாக விசாரிக்க நீதிமன்றக் கமிஷன் ஆசிரமத்துக்கே வந்தது. அவர் எந்த ஆசிரம நிலையைச் சேர்ந்தவர் என்று கேட்டார்கள். பிரம்மசரியம், இல்லறம், வானப்பிரஸ்தம், சந்நியாசம் என்ற நான்கையும் கடந்த அதியாசிரமம் என்ற நிலையை அவர் சொன்னார். அப்படி ஒன்று சாஸ்திரத்தில் இருக்கிறதா என்று மடக்கியபோது, இருக்கிறது என்றார். சுகர், ஜடபரதர் ஆகியோரை எடுத்துக்காட்டினார். உண்மையில் அவர் எந்தக் குருவிடமும் முறைப்படி சந்நியாச தீட்சை பெற்றவர் அல்லர். சொத்தில் பற்றில்லாமல் வீட்டை விட்டு வந்தவருக்கு இங்கே மட்டும் சொத்து எப்படி என்றும் கேட்டார்கள். தான் தேடவில்லை, தன்மேல் சுமத்தப்பட்டது, அதில் தனக்கு விருப்பும் இல்லை வெறுப்பும் இல்லை என்ற கருத்தில் பதில் சொன்னார். யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று விடாமல் கேட்டபோது, சுவாமிக்கு என்று கொடுக்கிறார்கள், உலகம் இந்த உடலைத்தான் சுவாமி என்று எண்ணுகிறது என்று விளக்கினார்.

இதை ஆன்மிகப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. சொத்து தனக்குத்தான் கொடுக்கப்பட்டது என்பதை அவர் மறுக்கவில்லை. தான் சந்நியாசி என்பதையும் ஒப்புக்கொள்ளவில்லை. வழக்குரைஞர் வீட்டுப் பிள்ளை என்பது அந்த ஒரு நாளில் தெரிந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. பெருமாள் சுவாமியின் கோரிக்கை வெற்றிபெறவில்லை.

ஆனால் வழக்கு ஒன்றைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அவர் உயிரோடு இருந்து சாட்சி சொல்லும்போதே இவ்வளவு இழுபறி என்றால், அவருக்குப் பின் என்ன ஆகும்? பக்தர்களும் வக்கீல்களும் கலந்து பேசி உயில் ஒன்றைத் தயாரித்தார்கள். 1938இல் அது நிறைவேற்றப்பட்டது. நிர்வாகம் தம்பி நிரஞ்சனானந்தருக்கும், அவருக்குப் பின் அவருடைய மகன் வெங்கடராமனுக்கும், தொடர்ந்து அந்த வழியினருக்கும் என்பது அதன் மையம். ஆவணத்தைப் படித்துக்காட்டினார்கள். ரமணர் ஒப்புக்கொண்டார். ஆனால் பெயர் எழுதிக் கையெழுத்திடும் வழக்கம் அவருக்கு இல்லை. ஒரு கோடு இழுத்தார். அவர் சார்பில் இன்னொருவர் கையெழுத்திட்டார். மதுரையில் வைத்துவிட்டு வந்த சீட்டில் இருந்த அதே கோடு, நாற்பத்திரண்டு ஆண்டு கழித்துப் பத்திரத்தில்!

சட்டத்துக்கு அது போதும். 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, உயில் எழுதுபவர் கையெழுத்திடலாம், அடையாளக் குறி இடலாம், அல்லது அவர் முன்னிலையில் அவர் சொற்படி வேறொருவர் கையெழுத்திடலாம் என்கிறது. குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். முஸ்லிம்களின் வஸிய்யத்துக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. நம்முடைய வஸிய்யத் வாய்மொழியாகக்கூடச் செல்லும். பதிவு செய்வதும் கட்டாயமில்லை. அதனால்தான் நம் குடும்பங்களில் வாப்பா கடைசியில் என்ன சொன்னார் என்பதில் அண்ணனுக்கு ஒரு கதையும் தம்பிக்கு ஒரு கதையும் இருக்கிறது. வஸிய்யத் செய்ய ஏதேனும் உள்ள முஸ்லிம் அதை எழுதிவைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிக்கக் கூடாது என்ற கருத்தில் புகாரியிலும் முஸ்லிமிலும் ஹதீஸ் இருக்கிறது. இது நாம் ஜும்ஆ பயானில் கேட்காத விஷயம் அல்ல.

இந்த உயிலை நம் சட்டத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு முக்கியமான வேறுபாடு தெரியும். 1938இல் ரமணருக்கு மனைவி, மக்கள், பெற்றோர் யாரும் இல்லை. உடன்பிறந்தவர்களில் தம்பி நாகசுந்தரமும் தங்கை அலமேலுவும் இருந்தார்கள். உயிலில் நிர்வாகம் முழுவதும் தம்பி வழிக்குப் போனது. அந்தக் குழந்தை வெங்கடராமனை வளர்த்து ஆளாக்கியவர் அலமேலு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இதே நிலையில் ஒரு முஸ்லிம் தன் சொந்தச் சொத்தை விட்டு மவ்த்தானால், உடன்பிறந்த சகோதரனுக்கு இரண்டு பங்கு, சகோதரிக்கு ஒரு பங்கு. எல்லாம் தம்பிக்கே என்று வஸிய்யத் எழுதியிருந்தாலும் செல்லாது. தம்பி வாரிசு, வாரிசுக்கு வஸிய்யத் செய்தால், மற்ற வாரிசுகள் மரணத்துக்குப் பின் மனமொப்பிச் சம்மதித்தால்தான் அது நிற்கும். வாரிசு அல்லாதவருக்கோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது. வக்ஃபு செய்யப்பட்ட சொத்து மட்டும் வேறு. அதில் பங்கு இல்லை. முதவல்லி யார் என்பதுதான் கேள்வி. வாகிஃப் தன் குடும்ப வழியிலேயே முதவல்லியை நியமிக்கலாம். ரமணரின் உயில் செய்தது ஏறக்குறைய இந்த வேலையைத்தான். பொதுமக்கள் கொடுத்த காணிக்கை குடும்பத்தின் கைக்குப் போகிறதே என்று அன்றும் சிலர் முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்பை முழுதும் தவறு என்று சொல்லிவிட முடியாது. உயில் இல்லாதிருந்தால் எது நடந்திருக்கும் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

அடக்கத்தலத்தின் பெயரில் சொத்து ஒதுக்குவது அந்நாளில் சட்டச் சிக்கல் நிறைந்ததாகவே இருந்தது. தனிநபர் கப்றில் குர்ஆன் ஓதுவதற்கென்று நிரந்தரமாக ஒதுக்கிய சொத்து செல்லத்தக்க வக்ஃபு ஆகாது என்று 1930களில் ஒரு முஸ்லிம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அந்தத் தீர்ப்பையும் எடுத்துப் பார்த்து, ஒருவருடைய சமாதியில் பூஜை நடத்துவதற்கென்று நிரந்தரமாக எழுதிவைத்த சொத்தும் செல்லாது என்று 1953இல் சரசுவதி அம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுவும் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குதான். தாயின் அடக்கத்தலத்தை மையமாகக் கொண்டு வளர்ந்த ஆசிரமத்துக்கு இதெல்லாம் ஏட்டுச் செய்தி அல்ல.

தாயின் அடக்கத்தலத்தின் மேல் கருங்கல்லில் கோயில் எழுப்பும் பணி 1939இல் தொடங்கி, 1949 மார்ச்சில் குடமுழுக்கு நடந்தது. அதற்குள் ரமணரின் இடக்கையில் புற்றுநோய்க் கட்டி தோன்றிவிட்டது. நான்கு அறுவைச் சிகிச்சைகள் செய்தும் பயனில்லை. 1950 ஏப்ரல் 14 இரவு அவர் மறைந்தார். அவரையும் ஆசிரமத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள்.

அவர் போனதும் கூட்டம் கலைந்தது. வரவு சுருங்கியது. சின்னசாமியைப் பிடிக்காதவர்கள் ஒதுங்கினார்கள். 1953இல் சின்னசாமியும் மறைய, உயிலில் சொன்னபடி மகன் டி. என். வெங்கடராமன் பொறுப்புக்கு வந்தார். கையில் பணம் இல்லை. 1951ஆம் ஆண்டு அறநிலையச் சட்டம் வேறு வந்திருந்தது. இந்து அறநிலையத் துறைக்கும் ஆசிரமத்துக்கும் இடையே எழுந்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 1961ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைத் தொகுப்பிலும் இடம்பிடித்தது. ஆசிரமம் துறையின் கைக்குப் போகவில்லை. வெங்கடராமன் 1994 வரை தலைவராக இருந்தார். அதன்பின் அவர் மகன், பிறகு பேரன் என்று அந்த உயிலின் வழியிலேயே செங்கம் சாலையில் நிர்வாகம் இன்றும் நடக்கிறது. கடனுக்கு விலைபோன திருச்சுழி வீடும் பின்னாளில் ஆசிரமத்தின் கைக்கே திரும்பி வந்துவிட்டது.